கையில் முதலுதவிச் சான்றிதழ் இருக்கிறது; சாரணர் குழுவில் அது செல்லுமா? பெற்றோர் கேட்ட கேள்விகள்

லண்டனில் எங்கள் சாரணர் குழுவில் பாதிக்கு மேல் தமிழ்ப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை மாலை பிள்ளையை விட்டுவிட்டு வாசலில் நிற்கும் அம்மா, அப்பாக்களிடம் "நீங்களும் உள்ளே வந்து உதவுங்களேன்" என்று கேட்பது என் வேலை. வர விருப்பம் உள்ளவர்கள்கூட முதலுதவிப் பயிற்சி என்றதும் தயங்குகிறார்கள். "ஒரு சனிக்கிழமை முழுக்கப் போய்விடும், கடையை யார் பார்ப்பது?" என்பார்கள். பேசிப் பார்த்தால் அவர்களில் பலரிடம் ஏற்கெனவே ஏதாவது ஒரு சான்றிதழ் இருக்கும். வேலையிடத்தில் எடுத்தது, பிள்ளை பராமரிப்புக்காக எடுத்தது, மருத்துவமனையில் ஆண்டுதோறும் செய்வது, ஊரில் பள்ளிக் காலத்தில் வாங்கியது. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வழி உண்டு. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

சாரணர் குழுவில் என்ன முதலுதவித் தகுதி கேட்கிறார்கள்?

பிரிட்டனின் சாரணர் இயக்கத்தில் பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்யும் பெரியவர்களுக்கு அடிப்படைத் தரம் 'ஃபர்ஸ்ட் ரெஸ்பான்ஸ்' என்ற பயிற்சி. அதை 3 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி ஊதுவது (சி.பி.ஆர்.), இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. இயந்திரம், மயங்கியவரைப் பக்கவாட்டில் கிடத்துவது, தொண்டையில் அடைப்பு, இரத்தப்போக்கு, எலும்பு முறிவு, தலையில் அடி, தீக்காயம் ஆகியவற்றோடு ஆஸ்துமா, கடும் ஒவ்வாமை, வலிப்பு, நீரிழிவு, மூளைச்சவ்வு அழற்சி, குளிரில் உடல் விறைப்பது, வெயிலில் சோர்ந்து விழுவது எல்லாம் அதில் வரும். கடைசியில் சொன்ன இரண்டும் அலுவலகத்துக்கான பயிற்சியில் பெரும்பாலும் இருக்காது. சாரணர் வாழ்க்கையில் பாதி வெட்டவெளியில் என்பதால் இங்கே அவற்றை விட முடியாது.

ஏற்கெனவே ஒரு சான்றிதழ் இருந்தால் இதை முழுதாகத் திரும்பப் படிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. காலாவதியாகாத, இந்தப் பாடத்திட்டத்துக்கு நிகரான அல்லது அதைவிட உயர்ந்த சான்றிதழ் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். சில பகுதிகள் விடுபட்டிருந்தால் அவற்றை மட்டும் நிரப்பச் சொல்வார்கள்.

இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது போலத்தான் இது. ஒரு பக்கம் உங்கள் பயிற்சி, மறுபக்கம் முகாமில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. இடைவெளி எங்கே என்று பார்க்கிறோம். "என் படிப்பை நம்பவில்லையா?" என்று ஒரு அண்ணா கோபித்துக்கொண்டார். நம்பிக்கைக் கேள்வியே அங்கு எழவில்லை. அவர் படித்த வகுப்பில் குழந்தைகளுக்கான பகுதி இல்லை, அவ்வளவுதான்.

நான் பெட்ரோல் நிலையத்தில் மேலாளர். கம்பெனி ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பியது. அது போதுமா?

அது பெரும்பாலும் 'எமர்ஜென்சி ஃபர்ஸ்ட் எய்ட் அட் வொர்க்' என்பதாக இருக்கும். குறைந்தது 6 மணி நேரம், 3 ஆண்டு செல்லுபடி. பாதுகாவலர் உரிமம் எடுக்க 2021 முதல் இதே நிலைப் பயிற்சி கட்டாயமாகிவிட்டதால் செக்யூரிட்டி வேலை செய்யும் நம்மவர்களிடமும் இது இருக்கிறது.

நல்ல பயிற்சிதான். ஆனால் வேலையிடத்தில் இருப்பவர்கள் வயது வந்தவர்கள் என்று எண்ணி வகுத்த பாடம் அது. பெரியவருக்கான சி.பி.ஆர்., மூச்சடைப்பு, வலிப்பு, இரத்தப்போக்கு, அதிர்ச்சி நிலை, சின்னத் தீக்காயம் இருக்கும். பிள்ளைகளுக்கான சி.பி.ஆர்., ஆஸ்துமா, ஒவ்வாமை, எலும்பு முறிவு, தலைக்காயம், குளிர் ஆகியவை பொதுவாக இருக்காது. ஆகவே இதை வைத்துக்கொண்டு வருபவருக்கு ஒரு பகுதி கழிந்தது, மீதியை நிரப்ப வேண்டும்.

பிள்ளைகளின் சி.பி.ஆர். ஏன் தனி? பெரியவருக்கு இதயம் திடீரென நிற்பது அதிகம். பிள்ளைக்கு முதலில் மூச்சில் கோளாறு வந்து, பிராணவாயு குறைந்து, அதன் பிறகே இதயம் நிற்பது அதிகம். அதனால் பிள்ளைக்கு நெஞ்சை அழுத்தத் தொடங்கும் முன் 5 முறை வாயோடு வாய் வைத்து ஊதச் சொல்கிறார்கள். அதன் பின் 30 அழுத்தம், 2 ஊதல் என்று தொடர வேண்டும். நெஞ்சின் தடிமனில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. பெரியவருக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். இந்த வித்தியாசத்தைத் தாளில் படித்தால் ஒரு வரி. பொம்மையில் அழுத்திப் பார்த்தால்தான் கை பழகும்.

மூன்று நாள் பயிற்சி முடித்திருக்கிறேனே?

18 மணி நேரத்து 'ஃபர்ஸ்ட் எய்ட் அட் வொர்க்' என்றால் கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிட்டது. எலும்பு, முதுகெலும்பு, விஷம், மாரடைப்பு, பக்கவாதம், ஆஸ்துமா எல்லாம் அதில் உண்டு. பிள்ளைகளுக்கான சி.பி.ஆர். செய்தீர்களா, குளிர், வெயில் பற்றிய பகுதி இருந்ததா என்று மட்டும் பயிற்சி கொடுத்தவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். பீடியாட்ரிக் (குழந்தைகளுக்கான முதலுதவி) சான்றிதழ் இருக்கிறது.

12 மணி நேரப் பாடம். பச்சைக் குழந்தை முதல் பிள்ளைகள் வரை அருமையாகச் சொல்லித்தருகிறார்கள். காய்ச்சல் வலிப்பும் மூளைச்சவ்வு அழற்சியும் இந்த வகுப்பில் வந்த அக்காமாருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. விடுபடுவது பெரியவர்கள். சாரணர் குழுவில் ஸ்குவிரல் பிரிவின் 4 வயதுப் பிள்ளை முதல் எக்ஸ்ப்ளோரர் பிரிவில் 18 வயதை எட்டும் இளைஞர் வரை இருக்கிறார்கள். 17 வயதுப் பையன் உடலளவில் ஆள்தான். உதவிக்கு வரும் தாத்தாவுக்கும் நெஞ்சு வலிக்கலாம். பெரியவர்களுக்கான சி.பி.ஆர்., மாரடைப்பு, பக்கவாதம் இவற்றைச் சேர்த்துக்கொண்டால் முடிந்தது.

நான் 15 ஆண்டாக மருத்துவமனைத் தாதி. எனக்குமா முதலுதவி வகுப்பு?

இந்தக் கேள்வியை எங்கள் சமூகத்தில் அதிகம் கேட்கிறார்கள், ஏனென்றால் நம்மில் தாதிகளும் மருத்துவர்களும் அதிகம். கேட்கும்போது குரலில் கொஞ்சம் வருத்தமும் இருக்கும். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது.

வேலையிட முதலுதவிக்கு பிரிட்டனின் உடல்நல, பாதுகாப்பு நிர்வாகமான எச்.எஸ்.ஈ. சொல்வது இது: பொது மருத்துவ மன்றத்தில் பதிந்த மருத்துவர், தாதியர் மன்றத்தில் பதிந்த தாதி, எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிந்த பாராமெடிக் (ஆம்புலன்ஸ் மருத்துவப் பணியாளர்) ஆகியோர் தனிச் சான்றிதழ் இல்லாமலே முதலுதவியாளராக இருக்கலாம். ஆனால் முதலுதவியில் அவர்களின் அறிவும் கைப்பழக்கமும் இன்றைய நிலையில் இருப்பதைக் காட்ட வேண்டும். என் பார்வையில் முக்கியமான சொல் 'காட்ட வேண்டும்' என்பதே. இளைஞர் குழுக்களும் இதையொட்டித்தான் யோசிக்கின்றன. பதிவு நடப்பில் இருக்கிறதா, நோயாளியைத் தொட்டுச் செய்யும் வேலையில் இருக்கிறீர்களா, கடைசியாக எப்போது உயிர்காப்புப் பயிற்சி செய்தீர்கள் என்று கேட்பார்கள். தேசிய சுகாதார சேவையில் வேலை செய்பவருக்கு அந்தப் பயிற்சிக்கான பதிவு இருக்கும். அதன் பிரதி போதுமான தொடக்கம்.

ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. வார்டில் ஒரு மணியை அழுத்தினால் ஆள் ஓடி வரும், பிராணவாயு சுவரிலேயே இருக்கும். மழை பெய்யும் காட்டில், இரவு 11 மணிக்கு, 14 வயதுப் பிள்ளை கணுக்கால் முறிந்து ஈரத்தில் உட்கார்ந்திருக்கும்போது கையில் இருப்பது ஒரு முக்கோணத் துணியும் ஒரு கைவிளக்கும்தான். தாதியாக நீங்கள் அந்த முறிவை என்னைவிடப் பத்து மடங்கு நன்றாக அறிவீர்கள். ஆனால் அந்த நேரத்தில் பிள்ளைக்கு முறிவைவிடப் பெரிய ஆபத்து குளிர். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் பிள்ளை குழறும், தடுமாறும், பிறகு நடுங்குவதுகூட நின்றுவிடும். நடுக்கம் நின்றதைப் பார்த்து 'சரியாகிவிட்டது' என்று எண்ணிவிடக் கூடாது. தரையில் இருந்து ஏறும் குளிரைத் தடுக்கக் கீழே என்ன விரிப்பது என்பதை வார்டில் யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் குழுவின் தாதி அக்கா ஒருவர் இந்தப் பகுதிக்கு மட்டும் வந்து உட்கார்ந்தார். போகும்போது "இதைத்தான் நான் படித்திருக்கவில்லை" என்றார். இப்போது மற்றவர்களுக்குச் சொல்லித்தருவதே அவர்தான்.

மருந்தாளர், பல் மருத்துவர், ஆய்வகத்தில் இருப்பவர், ஓய்வு பெற்று பதிவைக் கைவிட்டவர் ஆகியோருக்கு ஒரே பதில் இல்லை. பதவிப் பெயரை வைத்துத் தீர்மானிக்காமல் என்ன பயிற்சி, எப்போது என்று எழுதிக் கொடுங்கள்.

ஊரில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சான்றிதழ் வாங்கினேன். அது இங்கே செல்லுமா?

யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் பள்ளி நாளில் வாங்கிய சான்றிதழைப் பத்திரமாக வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போது எனக்கு மரியாதைதான் வருகிறது. ஆனால் அதைக் கொண்டு மட்டும் இங்கே தகுதி பெற முடியாது. இரண்டு காரணம்.

முதலாவது காலம். 2005-இல் உலகெங்கும் சி.பி.ஆர். முறை மாறியது. அதற்கு முன் படித்தவர்கள் 15 அழுத்தம், 2 ஊதல் என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். இன்று 30-க்கு 2. பாம்பு கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவதும் கீறி இரத்தத்தை வெளியேற்றுவதும் அன்று பலர் கற்றது. இன்று இரண்டையும் செய்யக் கூடாது என்கிறார்கள்.

இரண்டாவது இடம். ஊரில் பாம்புக்கடியும் வெயிலும் பெரிய பாடம். பிரிட்டனில் இயற்கையாக வாழும் நச்சுப் பாம்பு ஆடர் ஒன்றுதான். இங்கே குளிரும், கொஞ்சம் தின்றாலே மூச்சை அடைக்கக்கூடிய நிலக்கடலை ஒவ்வாமையும் பெரிய பாடம். அழைக்கும் எண்கூட வேறு. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, இங்கே 999.

இதற்காகப் பழைய தாளை ஒளித்து வைக்க வேண்டாம். பயிற்சி தருபவரிடம் காட்டுங்கள். அடிப்படை தெரிந்தவருக்கு வகுப்பு வேகமாகப் போகும், கேள்விகளும் ஆழமாக இருக்கும்.

இணையத்தில் இரண்டு மணி நேரத்தில் முடித்த சான்றிதழை ஏற்பார்களா?

தனியாக அதை ஏற்க மாட்டார்கள். பாடத்தை இணையத்தில் படித்துவிட்டுச் செயல்முறையை நேரில் செய்யும் இரண்டு பகுதிப் பயிற்சிகள் உண்டு, அவை வேறு. திரையைப் பார்த்து நெஞ்சை அழுத்தப் பழக முடியாது. 'எச்.எஸ்.ஈ. அங்கீகரித்தது' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. 2013 அக்டோபர் முதல் அந்த அமைப்பு பயிற்சி நிறுவனங்களுக்கு ஒப்புதல் வழங்குவதையே நிறுத்திவிட்டது.

சான்றிதழ் போன மாதம்தான் காலாவதியானது. ஒரு மாதம்தானே?

காலாவதியானால் காலாவதியானதுதான். புதுப்பிக்க வேண்டும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. அங்கீகரித்த நாளில் இருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்காது. உங்கள் தாளில் என்ன கடைசித் தேதியோ அதுவரைதான். 2 ஆண்டு ஓடிய சான்றிதழைக் கொண்டுவந்தால் மீதி 1 ஆண்டு. தேதியைத் தொலைபேசியில் குறித்து, முடிவதற்கு 3 மாதம் முன்னால் நினைவூட்டல் போடுங்கள். மூன்று நாள் பயிற்சி எடுத்தவர்கள் காலாவதியாகும் முன் போனால் 2 நாளில் புதுப்பித்துவிடலாம்.

சான்றிதழில் என் பெயர் வேறு மாதிரி இருக்கிறது. பிரச்சினையா?

நம்மவர்களுக்கு இது அடிக்கடி வருகிறது. ஒரு தாளில் அப்பா பெயர் முதலில், இன்னொன்றில் கடைசியில், மூன்றாவதில் கணவர் பெயர், எங்கோ ஒரு முதலெழுத்து (இனிஷியல்). சாரணர் பதிவில் எந்தப் பெயரில் இருக்கிறீர்களோ அதற்கும் சான்றிதழுக்கும் உள்ள தொடர்பை முதலிலேயே ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பார்ப்பவர் தமிழ்ப் பெயர் முறை தெரியாதவராக இருப்பார், குற்றம் அவர் மேலும் இல்லை. தாள் தொலைந்தது என்றால் பயிற்சி தந்த நிறுவனத்திடம் நகல் கேட்கலாம். பெயர், தேதி, மணி நேரம், பாடப் பட்டியல் நான்கும் தெரியும்படி அனுப்பச் சொல்லுங்கள். தாளில் தலைப்பு மட்டும் இருந்து பாடப் பட்டியல் இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாது. தாமதமாகும் விண்ணப்பங்களில் நான் கண்டது பெரும்பாலும் இதுதான்.

உதவப்போய் தவறாகிவிட்டால் வழக்குப் போடுவார்களா?

இந்தப் பயத்தால் பின்வாங்கியவர்களை நான் அறிவேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் சுருக்கப் பெயர் 'சாரா'. அலட்சியம் என்று யாராவது வழக்குப் போட்டால், அந்த மனிதர் சமூக நன்மைக்காகவோ ஆபத்தில் இருந்தவரைக் காக்கவோ செயல்பட்டாரா, பொறுப்போடு நடந்துகொண்டாரா என்பதை நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது அது. பயிற்சி பெற்ற அளவுக்குள் நின்று செய்யுங்கள், நடந்ததை அன்றே எழுதி வையுங்கள்.

பிள்ளையின் எபிபென்னை (கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசிப் பேனா) நான் போடலாமா? தாதி மட்டும்தானே ஊசி போட முடியும்?

போடலாம், போட வேண்டும். உயிரைக் காக்க வேண்டிய அவசரத்தில் அட்ரினலினை யாரும் செலுத்தலாம் என்று 2012-ஆம் ஆண்டு மருந்து விதிமுறைகள் இடம் கொடுக்கின்றன. தாமதம்தான் ஆபத்து. போட்டதும் 999. பிள்ளையை எழுப்பி நடக்க வைக்கக் கூடாது. உங்கள் பழைய பயிற்சியில் இந்தப் பேனா வரவில்லை என்றால் அதைத்தான் முதலில் நிரப்ப வேண்டும்.

எங்கள் பாட்டி சொன்ன வைத்தியங்களைப் பயிற்சியில் மறுக்கிறார்களே?

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுப்பது, தீக்காயத்தில் பற்பசையோ மஞ்சளோ பூசுவது. என் அம்மாவும் அன்போடுதான் செய்தார். ஆனால் வலிப்பு தானாக நிற்பதைச் சாவி நிறுத்தியதாக நாம் எண்ணிக்கொண்டோம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைத்து, சுற்றியுள்ளதை ஒதுக்கி, நேரத்தைக் குறிப்பது. 5 நிமிடம் தாண்டினால் 999. தீக்காயத்துக்கு ஓடும் குளிர்ந்த நீர் 20 நிமிடம். பனிக்கட்டி வேண்டாம், பசை வேண்டாம். வேலையிடத்தில் சான்றிதழ் எடுத்தவர்கள்கூட வீட்டில் பழைய பழக்கத்துக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். முகாமில் பதற்றத்தில் கை எதைச் செய்யும் என்பதற்காகத்தான் திரும்பத் திரும்பப் பயிற்சி.

என் ஆங்கிலம் அவ்வளவு சரளம் இல்லை. அதனால் தகுதி மறுப்பார்களா?

செயல்முறையில் கைதான் பேசும். 999-இல் பேசுபவர்கள் தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். நீங்கள் கட்டாயம் சொல்லத் தெரிய வேண்டியது இடம். முகாம் தளத்தின் பெயர், அஞ்சல் குறியீடு, எந்த வாயில் ஆகிய மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி எல்லோர் பையிலும் வைக்கிறோம். ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர்களும் பதற்றத்தில் அதைப் பார்த்துத்தான் வாசிக்கிறார்கள்.

மலையேற்றத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக இதே சான்றிதழ் போதுமா?

உயர்ந்த, தொலைவான இடங்களுக்குக் கூடுதல் தகுதி வேண்டும். மலை வழிகாட்டித் தகுதிக்குப் போகிறவர்களிடம் குறைந்தது 16 மணி நேர முதலுதவிச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஏற்கெனவே அத்தகைய வெளிப்புறப் பயிற்சி எடுத்தவராக இருந்தால் எங்கள் குழுவில் உங்களைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வோம்.

மகள் கைடிங்கில் (பெண் பிள்ளைகளுக்கான தனி இயக்கம்), மகன் சாரணரில். இரண்டு இடத்திலும் உதவுகிறேன். ஒரே சான்றிதழை இரண்டு பேரும் ஏற்பார்களா?

ஒவ்வோர் அமைப்பும் தனியாகத்தான் தீர்மானிக்கும். இரண்டின் அடிப்படைப் பயிற்சியும் பெயரளவில் ஏறக்குறைய ஒன்று, 3 ஆண்டுக் காலமும் ஒன்று. அதற்காக ஒன்றில் ஏற்றதைக் காட்டி மற்றதில் உரிமை கோர முடியாது. அதே தாள்களை இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள்.

சரி, இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் அந்தக் கோப்பைத் தேடி எடுங்கள். சான்றிதழின் இரு பக்கத்தையும் படம் எடுங்கள், பாடப் பட்டியல் பின்பக்கத்தில் இருக்கலாம். குழுவின் தலைவரிடம் கொடுத்தால் மாவட்டத்தில் பயிற்சியைக் கவனிப்பவருக்குப் போகும். அவர் 'இந்த இரண்டு பகுதி மட்டும் வேண்டும்' என்று பதில் எழுதினால், வகுப்பு எப்போது என்று என்னைக் கேளுங்கள். குழந்தை பொம்மையும் பழகும் எபிபென்னும் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு, மண்டபத்தைப் பூட்டும் முன், ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுப் போகலாம்.